விசேட கல்வி ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு



இடம்பெயர்ந்து இரவல் வளவிலும் உறவினர் வீட்டிலும் குடியிருக்கும் கமக்காரக் குடும்பங்களோடு பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு. "காணி போனாலும் பிள்ளை படித்த படிப்பை ஒருவரும் பறிக்க முடியாது" என்பதே அது. வயலும் தோட்டமும் கைவிட்டுப் போன பின்னர் பிள்ளைகளின் கல்வியே மிஞ்சியிருக்கும் முதுசம் எனப் பெற்றோர் கருதுகின்றனர். இது நியாயமான எண்ணமே.

ஆனால், அதே குடியிருப்பில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, வயதுக்கேற்ற விளக்கம் வராத பிள்ளை, கை கால் இயங்காத பிள்ளை. மற்றப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின்னர் இது மட்டும் திண்ணையில் இருக்கும். "இதற்கு என்ன படிப்பு?" என்று வீட்டாரே சொல்லிவிடுவதும் உண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உடையோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு இயலாமையுடன் வாழ்ந்தனர். ஷெல்லும் கண்ணிவெடியும் விழுந்த எமது பிரதேசங்களில் இதன் சுமையை நாம் எண்கள் இல்லாமலே அறிவோம்.

இந்த இரு பிள்ளைகளையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். படிக்கக் கூடிய பிள்ளை ஒன்று, திண்ணையில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியராக வரலாம். அதற்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு காலம் செல்லும், எந்த வழியால் போகலாம், இடம்பெயர்ந்த குடும்பம் எவற்றில் கவனமாயிருக்க வேண்டும் என்பவற்றை இங்கு எடுத்துக் கூறுகிறோம்.

பரிவு மட்டும் போதுமா?

"அவளுக்கு இரக்க மனம், இந்த வேலைக்கு ஏற்றவள்" என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். இரக்கம் நல்லது. ஆனால் இரக்கத்தால் மட்டும் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்பிக்க முடியாது. பயிர் மஞ்சளாகிறது என்று கண்டு மனம் வருந்துபவர் பலர். அது நீர் கூடியதாலா, பசளை குறைந்ததாலா, வேரில் நோயா என்று பார்த்துச் சொல்பவரே கமக்காரர். விசேட கல்வியும் அப்படித்தான். பிள்ளை ஏன் கற்கவில்லை என்று கண்டறிவதும், அதற்கேற்ப வழியை மாற்றுவதும் படித்துப் பெற வேண்டிய தொழில் அறிவாகும்.

இந்த அறிவு எமது நாட்டுக்குப் புதியதல்ல. இரத்மலானையிலுள்ள, செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கான பாடசாலை 1912 இல் மிஷனரிமாரால் தொடங்கப்பட்டது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை 1956 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. அக்காலத்தில் இப்பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலையே வழி என்று எண்ணப்பட்டது. 1994 ஜூன் மாதத்தில் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் இயன்றவரை சாதாரண பாடசாலையிலேயே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற பிரகடனத்தை வெளியிட்டனர். இதனையே உட்படுத்தற் கல்வி என்கிறோம். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

சட்டம் பாடசாலைக் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளைக்குக் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் வகுப்பில் இல்லாவிட்டால், திண்ணையில் இருந்த பிள்ளை பின்வாங்கில் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவேதான் ஆசிரியரின் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

அப்படிப்பில் என்னென்ன கற்பர்?

முதலாவதாக, பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றிக் கற்பர். எந்த வயதில் குழந்தை தலை நிமிர்த்தும், சொல் பேசும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும் என்பதை அறிந்தவருக்கே, எங்கு தாமதம் ஏற்பட்டுள்ளது என்று தெரியும். உளவியலும் கல்வித் தத்துவமும் இதனோடு சேரும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு இயலாமைக்கும் உரிய கற்பித்தல் முறைகள். விழிப்புலன் இழந்த பிள்ளைக்குப் பிறெயில் எழுத்து வேண்டும். பிரான்சில் 1809 இல் பிறந்த லூயி பிறெயில், தகப்பனாரின் தோல் வேலைப் பட்டறையில் ஏற்பட்ட காயத்தால் சிறு வயதிலேயே கண்பார்வை இழந்தவர். தொட்டு வாசிக்கும் இம்முறையை அவர் தமது இளவயதிலேயே உருவாக்கினார். இரு நிரலில் மும்மூன்றாக அமைந்த ஆறு புள்ளிகள். அவற்றை மாற்றி மாற்றி எழுப்புவதால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழையும் இவற்றால் எழுதலாம். நாம் 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னே வரும், கால் பின்னே வரும். பிறெயிலில் முதலில் ககரம், அதன் பின் ஒகரம், ஒலிக்கும் ஒழுங்கிலேயே வரும். துளைச் சட்டத்தில் தடித்த கடதாசியை வைத்து ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஏனெனில் புள்ளி மறுபக்கத்தில்தான் எழும்பும். கடதாசியைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிப்பர். இவற்றை ஆசிரியர் தாமே பயின்று கைவரப் பெற்றிருக்க வேண்டும்.

செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு வேறு அறிவு வேண்டும். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் அளவினது. பிள்ளைக்கு எந்த அளவுக்கு மேல் கேட்கிறது என்பதைப் பரிசோதனை அறிக்கையில் பார்த்து விளங்கிக்கொள்ள ஆசிரியர் கற்கிறார். காதிற் பூட்டும் கருவி பேச்சை மட்டுமல்லாது வகுப்பிலுள்ள இரைச்சலையும் கூட்டித் தரும். எனவே பிள்ளையை முன்னே இருத்த வேண்டும். ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் பட வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசக் கூடாது. சைகை மொழி என்பது வெறும் கையசைப்பு அல்ல, தனக்கென இலக்கணம் கொண்ட ஒரு மொழி என்பதையும், அதனைப் பேசவும் கற்கின்றனர். காது கேளாத பிள்ளைக்கு முதல் சில ஆண்டுகளில் எந்த மொழியும் கிடைக்காமற் போனால், பின்னர் கணக்கும் வாசிப்பும் கூடக் கடினமாகிவிடும்.

விளக்கம் குறைந்த பிள்ளைக்கு ஒரு வேலையைச் சிறு படிகளாக உடைத்துக் கற்பிப்பார்கள். சட்டை போடுவது எமக்கு ஒரே வேலை. அந்தப் பிள்ளைக்கு அது பத்து வேலை: சட்டையை விரித்தல், முன்பக்கம் எது என்று பார்த்தல், ஒரு கையை நுழைத்தல், மறு கையை நுழைத்தல் என்று அது நீளும். முதலில் ஆசிரியர் எல்லாவற்றையும் செய்து, கடைசித் தெறியை மட்டும் பிள்ளை பூட்டும்படி விடுவார். அது பழகிய பின் கடைசி இரண்டு தெறிகள். இப்படிப் பின்னிருந்து முன்னாக வந்தால், பிள்ளை ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சியோடு எழும்பும். வெங்காயம் நடுவதையும் கோழிக்குத் தீன் வைப்பதையும் இதே முறையில் பழக்கலாம். கமக்காரக் குடும்பத்துக்கு இதன் பெறுமதி சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவதாக, தனியாள் கல்வித் திட்டம் தயாரிக்கக் கற்பர். "எழுதப் பழக்குவேன்" என்று பொதுவாக எழுதினால் அது திட்டமாகாது. "இந்தத் தவணை முடியுமுன் தன் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை உதவியின்றி, ஐந்து முறையில் நான்கு முறை சரியாக எழுதுவாள்" என்று எழுதுவதே திட்டம். அப்போதுதான் தவணை முடிவில் பிள்ளை எங்கு நிற்கிறது என்று ஆசிரியரும் தாய் தகப்பனும் ஒன்றாக இருந்து பார்க்கலாம். எட்டவில்லையென்றால் பிள்ளையைக் குறை சொல்வதில்லை. படியைச் சிறிதாக்க வேண்டும் என்பதே முடிவு.

நான்காவதாக, கற்பித்தற் பயிற்சி. மாணவ ஆசிரியர் உண்மையான வகுப்பில் பாடம் நடத்த, விரிவுரையாளர் பின்னாலிருந்து பார்த்துத் திருத்துவார். இத்தொழிலின் பெரும்பகுதி இங்குதான் கைவருகிறது.

எந்த வழியால் போகலாம்?

ஒரே வாசலால்தான் போக வேண்டும் என்று எண்ண வேண்டாம். மூன்று வழிகள் உண்டு. பொதுவாக க.பொ.த. உயர்தரச் சித்தி இவற்றுக்கு அடிப்படையாகும்.

(அ) தேசிய கல்வியியற் கல்லூரி. 1986 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான கல்லூரிகள் இவை. கோப்பாய், வவுனியா, தாழங்குடா, அட்டாளைச்சேனை, பத்தனை ஆகிய இடங்களில் உள்ளவை தமிழ் மொழி மூல மாணவர்கள் அறிந்தவை. பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள். முதல் இரண்டும் கல்லூரியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. முடிவில் கிடைப்பது டிப்ளோமா, பட்டம் அல்ல. ஆயினும் பயிற்சி முடித்தோருக்கு அரசு ஆசிரிய நியமனம் வழங்கி வந்துள்ளது. நியமனம் பெற்ற பின், சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே பட்டத்துக்குப் படிக்கலாம். வீட்டில் முதலாவதாகப் படிக்கும் பிள்ளைக்கு, விரைவில் உழைக்க வேண்டிய நிலையிருந்தால், இதுவே பொருத்தமான வழி என்பது எமது அபிப்பிராயம். விசேட கல்வி எந்தக் கல்லூரியில், எந்த மொழியில் நடத்தப்படுகிறது என்பது விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தலில் ஆண்டுதோறும் குறிப்பிடப்படும். அதனைத் தவறாது பார்க்க வேண்டும். தமிழில் அப்பாடநெறி இல்லாத ஆண்டில் ஆரம்பக் கல்வியைத் தெரிவு செய்யலாம். அதுவும் விசேட கல்விக்கு நல்ல அத்திவாரமே.

(ஆ) பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் கற்பிக்கப்படுகிறது. பட்டம் பெற்று ஆசிரியராகியவர் பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் படித்துப் பயிற்றப்பட்டவராகிறார். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணமில்லை. 1981 முதல் உள்ள மகாபொல புலமைப்பரிசில் வசதி குறைந்த மாணவருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் இவ்வழியில் ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டம் கிடைத்தவுடன் வேலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் நியமனம் கேட்டு மாதக்கணக்கில் வீதியோரத்தில் இருந்ததை எல்லோரும் கண்டோம்.

(இ) திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் தொடங்கப்பட்ட இதன் தலைமையகம் நாவலையில் உள்ளது; யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உண்டு. இதன் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அச்சிட்ட பாடங்களை வீட்டிலிருந்து படித்து, குறித்த நாட்களில் வகுப்புக்குப் போவது இதன் முறை. தோட்ட வேலையையோ முன்பள்ளி வேலையையோ விடாமல் படிக்கலாம். இங்கு கட்டணம் உண்டு என்பதையும், நேரத்தைத் தாமே ஒழுங்கு செய்து படிக்கும் பழக்கம் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கு மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் பாடநெறிகளை நடத்துகிறது.

ஆக, பட்டம் என்பது ஒரே பாய்ச்சலில் ஏற வேண்டிய மதில் அல்ல. படிப்படியாக ஏறக் கூடிய ஏணி. இடையில் ஒரு படியில் நின்று உழைத்துவிட்டு அடுத்த படிக்கு ஏறலாம்.

இடம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டியவை

ஊரில் நிலையாக இருக்கும் குடும்பத்துக்கு இல்லாத சில சிக்கல்கள் எமக்கு உண்டு.

ஒன்று, ஆவணங்கள். ஓட்டத்தில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர் பலர். அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெறலாம். பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிய பின் ஓடித் திரியாமல், பிள்ளை சாதாரண தரம் எழுதும் ஆண்டிலேயே இவற்றைச் சேர்த்து நனையாத உறையில் வையுங்கள்.

இரண்டு, மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களுக்கும், 5 இடம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறை நீண்டகாலமாக இருந்து வருகிறது. அந்தப் பதினாறில் வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எட்டும் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தது என்பது இங்கு முக்கியமாகும். எனவே பாடசாலை மாறும் ஒவ்வொரு முறையும் விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று, வீட்டுச் செலவு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஓர் உழைப்பாளியின் கை குறைகிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. தாய் தகப்பன், அண்ணன் அக்கா எல்லோரும் கூடியிருந்து பேசி, எந்த வழி எமக்கு ஏலும் என்று முடிவெடுப்பது நன்று. பிள்ளை தானாக மனத்துக்குள் கணக்குப் போட்டுப் படிப்பை விட்டுவிட இடங்கொடுக்க வேண்டாம்.

நான்கு, இயலாமையுடைய பிள்ளையே ஆசிரியராக வரலாம் என்பதை மறக்க வேண்டாம். விழிப்புலன் இழந்தவர்கள் பட்டம் பெற்று எமது பாடசாலைகளில் கற்பித்து வருகிறார்கள். ஒரு வீட்டில் அப்படிப் பிள்ளை இருந்தால், அதனைப் படிக்க வைப்பதே முதற் கடமை.

சேருமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

இத்தொழில் எல்லோருக்கும் ஏற்றதன்று. விசேட கல்வி அலகு ஒன்றில் ஆறு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கலாம். ஒருவர் பேசமாட்டார், ஒருவர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். மற்ற வகுப்பில் ஒரு வாரத்தில் முடியும் பாடத்துக்கு இங்கு ஒரு வருடம் செல்லலாம். பரீட்சைப் பெறுபேறு வந்து ஆசிரியரின் பெயரைச் சொல்லும் நாள் வராது. பாடசாலைக்குள்ளேயே இவ்வாசிரியரின் வேலையைக் குறைவாக மதிப்போரும் உளர். இவற்றை அறிந்துகொண்டு வருபவரே நிலைத்து நிற்பார்.

ஆகவே உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். அண்மையிலுள்ள பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் போய், அதிபரிடமும் ஆசிரியரிடமும் அனுமதி கேட்டுச் சில நாட்கள் உதவியாக இருந்து பார்க்கலாம். எங்கு அலகு உண்டு என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கேட்டறியலாம். ஒரு மாதத்தின் பின்னும் மனம் அங்கேயே நின்றால், அந்தப் பிள்ளைக்கு இந்த வழி சரியானது.

இந்த ஒரு மாதத்தால் இன்னொரு பயனும் உண்டு. அலகுக்குப் போய் வந்த பிள்ளை, தன் குடியிருப்பில் திண்ணையில் இருக்கும் பிள்ளையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கும். அதற்குக் காது கேட்கிறதா, கண் எவ்வளவு தெரிகிறது என்று கவனிக்கும். தாயிடம் சொல்லும்: "அன்ரி, இவனைப் பாடசாலையிலே சேர்க்கலாம். நான் கூட வாறன்."

5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் இந்நாட்டின் ஒழுங்குவிதியாகும். அது அந்தப் பிள்ளைக்கும் உரியது. பட்டம் பெற்று வரும் வரை சில ஆண்டுகள் செல்லும். அந்தப் பிள்ளையின் வயதோ காத்திருக்காது. எனவே இந்தத் தவணையிலேயே உங்கள் குடியிருப்பில் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கிராம அலுவலரிடமும் அதிபரிடமும் அவர்களின் பெயரைக் கொடுங்கள். அவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதன் சான்றிதழ்களை இன்றே தேடி ஓரிடத்தில் வையுங்கள்.